தேவையான அளவு உப்பு: பாக் எழுதாமல் விட்டதும் கிளென் கூல்ட் வாசித்ததும்

மேற்கத்தியச் செவ்வியல் இசையைப் பற்றிய பேச்சு நம்மிடையே எழும்போது இரண்டு கருத்துகள் தவறாமல் வந்துவிடும். "அவர்களுக்கு எல்லாம் எழுதிவைத்திருக்கிறது, தாளைப் பார்த்து வாசிக்க வேண்டியதுதான்" என்பது ஒன்று. "எழுதியிருப்பது வெறும் எலும்புக்கூடு, பெரிய கலைஞன் தன் உணர்ச்சியை ஊற்றித்தான் அதற்கு உயிர் கொடுக்கிறான்" என்பது மற்றொன்று. ஒரே நபர் ஒரே மாலையில் இரண்டையும் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் கருத்தின்படி பியானோ வாசிப்பவர் தட்டச்சர். இரண்டாவதன்படி அவர் மந்திரவாதி. உண்மையில் அவர் செய்யும் வேலை இரண்டுக்கும் அப்பாற்பட்டது. அதற்கு இண்டர்பிரட்டேஷன் என்று பெயர். செய்யுளின் சொற்களைக் கூட்டியும் மாற்றி இணைத்தும் பொருள் காணும் முறைக்கு நம் இலக்கணத்தில் ‘பொருள்கோள்’ என்றொரு பழைய சொல் உண்டு. அதையே இங்கே பயன்படுத்துகிறேன். இசையில் எழுதாமல் விடப்பட்டவற்றை, எழுதப்பட்டவற்றின் துணைகொண்டு முடிவுசெய்வதே பொருள்கோள்.

யோகான் செபாஸ்டியன் பாக் எழுதிய ஒரு படைப்பையும், அதை 26 ஆண்டு இடைவெளியில் இருமுறை ஒலிப்பதிவு செய்த கிளென் கூல்ட் என்ற கனடா நாட்டுப் பியானோ கலைஞரையும் வைத்துக்கொண்டு, இசைப் பயிற்சி இல்லாதவர்களுக்கும் விளங்கும்படி இந்த ஒரு கருத்தை மட்டும் பார்க்கலாம்.

சமையல் குறிப்பும் ஓலைச்சுவடியும்

வார இதழ்களின் சமையல் பக்கத்தில் "துவரம்பருப்பு ஒரு கப், புளி எலுமிச்சம்பழ அளவு, உப்பு தேவையான அளவு" என்று அச்சிட்டிருப்பார்கள். பருப்பின் அளவில் தகராறுக்கு இடமில்லை. ஆனால் ‘தேவையான அளவு’ என்பது எவ்வளவு? எழுதியவர் மறந்துபோய் அதை விட்டுவிடவில்லை. அடுப்படியில் நிற்பவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் விட்டிருக்கிறார். அதே சமயம் அந்த அளவு சமைப்பவரின் விருப்பத்துக்கு முழுவதுமாக விடப்பட்டதும் அன்று. எவ்வளவு புளி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு தண்ணீர் என்பவையே உப்பைக் கட்டுப்படுத்துகின்றன. குறிப்பில் எழுதியிருப்பதே எழுதாததையும் ஓரளவு சொல்லிவிடுகிறது.

இதைவிட நெருக்கமான உவமை ஓலைச்சுவடி. பழைய சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்பட்டிரா. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். சொற்களுக்கிடையே இடைவெளியோ நிறுத்தக்குறியோ கிடையாது. அந்த ஓலையை வாய்விட்டுப் படிக்கிறவர் ஒவ்வோர் எழுத்திலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். முடிவெடுக்காமல் படிக்க வழியே இல்லை. ஆனால் அவர் தம்முடைய எழுத்து ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. யாப்பும் இலக்கணமும் முன்பின் வரும் பொருளும் அவருக்கு வழிகாட்டுகின்றன. இரண்டு தேர்ந்த புலவர்கள் ஒரே அடியை இரண்டு விதமாகப் பிரித்துப் படிப்பதுண்டு. அவர்களில் யாரையும் நாம் பொய்யர் என்று சொல்வதில்லை. அதே அடியை யாப்புக் கெடும்படி படிக்கிறவரை மட்டும் ஏற்பதில்லை.

பியானோ கலைஞரின் முன்னால் இருக்கும் தாளும் அப்படிப்பட்ட ஓலைதான். எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எதற்குப் பின் எது, எதனுடன் சேர்ந்து எது என்பவற்றைக் கோடுகளிலும் புள்ளிகளிலும் காட்டும் அந்தத் தாளுக்கு ஸ்கோர் என்று பெயர். பாக்கின் ஸ்கோரில் சுரங்கள் துல்லியமாக உள்ளன; உப்பின் அளவுதான் பெரும்பாலும் இல்லை.

பாக் விட்டுச்சென்றது மை மட்டுமே

பாக் 1685-இல் ஜெர்மனியின் ஐசனாக் நகரில் பிறந்தார். 1723 முதல் 1750-இல் இறக்கும்வரை லைப்சிக் நகரில் புனித தாமஸ் தேவாலயப் பள்ளியின் இசைப் பொறுப்பாளராக இருந்தார். வாரந்தோறும் தேவாலயத்துக்குப் பாட்டு எழுதி, பையன்களுக்குப் பாடக் கற்றுக்கொடுத்து, நகர சபையோடு சச்சரவிட்டுக்கொண்டு வாழ்ந்த உழைப்பாளி அவர். இன்று அவர் பெயரில் பட்டியலிடப்பட்டுள்ள படைப்புகள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் அவர் காலத்தில் அச்சேறியவை மிகச் சில. இறந்த பிறகு அவருடைய பிள்ளைகளும் மாணவர்களும் அவர் எழுதியவற்றைப் படியெடுத்துப் பாதுகாத்தனர். இசை கற்பவர்களிடையே அவர் பெயர் மங்கவே இல்லை. பொதுமக்களோ அவரை ஏறத்தாழ மறந்திருந்தார்கள். 1829-இல், 20 வயது இசையமைப்பாளர் மெண்டல்சன் பெர்லினில் பாக்கின் ‘செயின்ட் மேத்யூ பேஷன்’ என்ற பெரும்படைப்பை மீண்டும் அரங்கேற்றியது அந்த மறதியை உடைத்தது. படைப்புகள் முழுவதையும் அச்சிடும் வேலை 1851-இல் தொடங்கி அந்த நூற்றாண்டின் இறுதிவரை நடந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் கர்நாடக இசையில் ஒரு கீர்த்தனை பாடாந்தரமாக, குரு வாயிலிருந்து சீடர் காதுக்கு, வந்து சேர்கிறது. சுரப்படுத்திய புத்தகம் நினைவூட்டும் கருவி மட்டுமே. பாக்கின் விஷயத்தில் வாய்வழித் தொடர் நடுவில் அறுந்து நைந்துவிட்டது. கைக்குக் கிடைத்தது தாள். ஆகவே பாக்கின் மரபு என்பது, பெரும்பகுதி, தாளைப் படிக்கும் மரபு. யார் எப்படிப் படித்தார்கள் என்பதே அதன் வரலாறு.

அடியில் ஓடும் எட்டுச் சுரங்கள்

1741-இல் நூரம்பர்க்கில் அச்சான ‘கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்’ என்ற படைப்பை எடுத்துக்கொள்வோம். அந்தப் பெயரைப் பாக் வைக்கவில்லை. ஒரு பிரபுவுக்குத் தூக்கம் வரவில்லை, அவருடைய இளம் இசைக்கலைஞன் கோல்ட்பர்க் இரவில் வாசிப்பதற்காகப் பாக் இதை எழுதினார், பரிசாக 100 பொற்காசுகள் நிறைந்த பொற்கிண்ணம் கிடைத்தது என்று ஒரு கதை வழங்குகிறது. பாக் இறந்து 52 ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றில்தான் அக்கதை வருகிறது. அச்சுப் பிரதியில் பிரபுவின் பெயரில் காணிக்கைக் குறிப்பு எதுவும் இல்லை. 1741-இல் கோல்ட்பர்க்குக்கு வயது 14-ஐ ஒட்டித்தான் இருக்கும். எனவே ஆய்வாளர்கள் பலர் இதை நம்புவதில்லை. தூங்கவைக்கும் இசை என்று இதை அறிமுகப்படுத்துவது எனக்கும் உடன்பாடில்லை. முகப்புப் பக்கத்தில் பாக் தந்திருக்கும் நோக்கம், இசை ஆர்வலர்களின் மனத்துக்குப் புத்துணர்வு ஊட்டுவது.

அமைப்பு எளிது. முதலில் ‘ஏரியா’ என்ற 32 அளவுகள் (தாளத்தின் ஒரு சுற்று ஓர் அளவு) கொண்ட மெதுவான பாட்டு. அதன்பின் 30 வேரியேஷன்கள். இறுதியில் ஏரியா மறுபடியும். வேரியேஷன் என்றால் ஒரே அடித்தளத்தின் மேல் கட்டப்படும் வேறு கட்டடம். மெட்டை எடுத்து அலங்கரிப்பதே வேரியேஷன் என்று பலர் எண்ணுகிறார்கள். இங்கே பாக் ஏரியாவின் மெட்டைத் தொடவே இல்லை. அதன் கீழே இடது கை வாசிக்கும் தாழ்ந்த சுரங்களின் வரிசையைத்தான் எல்லாவற்றிலும் திருப்பித் திருப்பிப் பயன்படுத்துகிறார். அதைக் காதால் பிடிக்கத் தமிழ் வாசகருக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. இந்தப் படைப்பின் ஆதார சுரத்தைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால், அடியில் ஓடும் முதல் எட்டுச் சுரங்கள் சங்கராபரணத்தின் சுரங்களில் இப்படி அமையும்: ச நி த ப, க ம ப ச. முதல் நான்கும் படியிறங்குகின்றன; அடுத்த நான்கும் கீழே ஒரு சுற்றுச் சுற்றிச் சட்ஜத்தில் வந்து அமர்கின்றன. அளவுக்கு ஒன்று வீதம் எட்டு அளவுகளில் இது முடிகிறது. மெல்ல நான்கு முறை பாடிவிட்டு ஏரியாவைக் கேட்டால், மேலே மெட்டு எங்கு அலைந்தாலும் கீழே இந்த எட்டும் நடப்பது புலப்படும்.

ஒவ்வொரு மூன்றாவது வேரியேஷனும், 27-ஆவது வரை, கேனன் என்ற வடிவில் உள்ளது. பஜனையில் ஒருவர் ஓர் அடியைப் பாடி முடித்ததும் மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். முன்பாட்டுக்காரர் முடிப்பதற்குள்ளாகவே பின்பாட்டுத் தொடங்கிவிடுகிறது, ஆனாலும் இரண்டும் மோதாமல் இழைகின்றன என்று கற்பனை செய்துகொண்டால் அதுதான் கேனன். மூன்றாவது வேரியேஷனில் பின்னால் வரும் குரல் அதே சுரத்தில் தொடங்குகிறது. ஆறாவதில் ஒரு படி மேலே. இப்படி ஒவ்வொன்றாக விலகி 27-ஆவதில் ஒன்பதாம் சுரத்துக்குப் போய்விடுகிறது. இவ்வளவு கட்டுக்கோப்பான கணக்கு, கேட்கும்போது கணக்காகத் தெரிவதில்லை. அதுதான் பாக்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: படைப்பின் கட்டுமானம் முழுவதும் தாளில் உள்ளது. அதில் ஒரு செங்கல்லைக்கூட வாசிப்பவர் நகர்த்துவதில்லை. அப்படியானால் அவருக்கு மிச்சமிருப்பது என்ன?

தாளில் இல்லாதவை

முதலாவது டெம்போ, அதாவது வேகம். ஒரு சுரம் மற்றொரு சுரத்தைப்போல இருமடங்கு நீளம் என்று ஸ்கோர் சொல்லும். அந்த ஒரு மடங்கு எத்தனை நொடி என்று சொல்லாது. பிற்காலத்தவர்கள், நிமிடத்துக்கு இத்தனை அடி என்று தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவியின் எண்ணைக் குறித்தார்கள். பாக் காலத்தில் அந்தக் கருவியே இல்லை. 1741 அச்சுப் பிரதியின் 30 வேரியேஷன்களில் வேகத்தைப் பற்றிய சொல் ஒன்றிரண்டில்தான் வருகிறது.

இரண்டாவது, ஒலியின் வலிமை. எங்கே உரக்க, எங்கே மெல்ல என்ற குறிப்புகள் இதில் கிட்டத்தட்ட இல்லை. காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

மூன்றாவது, ஆர்ட்டிகுலேஷன். ஒரு சுரத்தையும் அடுத்ததையும் ஒட்டவைப்பதா, பிரித்து வைப்பதா என்பதே இது. இதைத்தான் புதியவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். பாக்கின் இசையில் பெரும் வேறுபாட்டை உண்டாக்குவதும் இதுவே. "அவன்தான் வந்தான்" என்ற தொடரை ஒரே மூச்சில் சொல்வதற்கும், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக நிறுத்திச் சொல்வதற்கும் எழுத்தில் வேறுபாடு இல்லை. முதலாவது செய்தி, இரண்டாவது குற்றச்சாட்டு. பியானோவில் ஒரு விரலை எடுப்பதற்கும் அடுத்த விரலை வைப்பதற்கும் இடையில் இருக்கும் மிகச் சிறிய நேரம் இதைச் செய்துவிடுகிறது.

நான்காவது அணிச்சுரங்கள். முதன்மைச் சுரத்தைச் சுற்றி விரைவாக வந்துபோகும் சிறு சுரங்கள் இவை. பாக் இவற்றுக்குக் குறியீடு மட்டும் போடுகிறார். 1720-இல் தம் மூத்த மகனுக்காகத் தொடங்கிய பயிற்சி நோட்டில், எந்தக் குறியை எப்படி வாசிப்பது என்று ஒரு சிறு அட்டவணை எழுதிவைத்தார். அந்த அட்டவணை இருந்தும், எத்தனை முறை அசைப்பது, எவ்வளவு விரைவாக அசைப்பது என்பது வாசிப்பவரின் பொறுப்பிலேயே இருக்கிறது.

ஐந்தாவது, திருப்பங்கள். ஏரியாவும் ஒவ்வொரு வேரியேஷனும் இரண்டு பாதிகளாக உள்ளன. ஒவ்வொரு பாதியையும் இருமுறை வாசிக்கும்படி குறி இருக்கிறது. எல்லாத் திருப்பங்களையும் வாசித்தால் படைப்பு 70 நிமிடத்தைத் தாண்டிவிடும். பலர் சிலவற்றையோ எல்லாவற்றையுமோ விட்டுவிடுகிறார்கள். இந்த ஐந்தாவது மட்டும் கொஞ்சம் வேறு வகை என்பதைக் கவனிக்க வேண்டும்: மற்ற நான்கும் தாளில் இல்லாதவை, இது தாளில் இருந்தும் சலுகையாக மீறப்படுவது.

சுண்டும் கம்பியும் அடிக்கும் கம்பியும்

பாக் இதைப் பியானோவுக்கு எழுதவில்லை. இரண்டு விசைப்பலகைகள் கொண்ட ஹார்ப்சிகார்டுக்கு என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறார். ஹார்ப்சிகார்டில் விசையை அழுத்தினால், பறவை இறகின் தண்டில் செய்த ஒரு சிறு கூர்முனை கம்பியைச் சுண்டுகிறது. வீணையில் விரலால் கம்பியை மென்மையாகவோ வன்மையாகவோ மீட்ட முடியும்; ஹார்ப்சிகார்டில் விரலுக்கும் கம்பிக்கும் நடுவே இயந்திரம் இருப்பதால், விசையை எவ்வளவு பலமாக அழுத்தினாலும் ஒலி ஏறத்தாழ ஒரே வலிமையில்தான் வரும். உரக்க, மெல்ல என்ற குறிப்புகள் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

பியானோவில் கம்பளித் தலை வைத்த சுத்தியல் கம்பியை அடிக்கிறது. மெல்ல அழுத்தினால் மெல்லிய ஒலி, வேகமாக அழுத்தினால் உரத்த ஒலி. 1700-ஐ ஒட்டி இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி உருவாக்கிய இந்தக் கருவியைப் பாக் அறியாதவர் அல்லர். ஜெர்மனியில் சில்பர்மான் செய்த தொடக்ககாலப் பியானோக்களை வாசித்துப் பார்த்து, மேல் சுரங்கள் வலுவற்றவை, விசைகள் கடினமானவை என்று குறை சொன்னார். திருத்திச் செய்தவற்றைப் பிறகு பாராட்டினார். 1747-இல் பிரஷ்ய மன்னர் ஃபிரடெரிக்கின் அரண்மனையில் சில்பர்மானின் பியானோக்களை வாசித்துக் காட்டினார்.

ஆக, பியானோவில் பாக்கை வாசிக்கிற கணமே, அவர் எதிர்பாராத ஒரு வசதி விரலுக்குள் வந்துவிடுகிறது. அதை ஒதுக்கினால் பியானோ தட்டையாக ஒலிக்கும். அளவுக்கு மீறினால் பாக் 19-ஆம் நூற்றாண்டுக்காரராகிவிடுவார். மூன்றாவது வேரியேஷனின் கேனனில் இரு குரல்களும் ஒரே உயரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குகின்றன. ஹார்ப்சிகார்டிலும் பியானோவிலும் அவை ஒரே நிறத்தில்தான் ஒலிக்கும். ஆனால் பியானோ கலைஞர் ஒரே கையின் இரு விரல்களுக்கு இரு வேறு எடைகளைக் கொடுத்து, முன்குரலையும் பின்குரலையும் தனித்தனியாகக் கேட்கச் செய்ய முடியும். இதில் உணர்ச்சி ஊற்றும் வேலை எதுவும் இல்லை. இரண்டு பேர் பேசுவது இரண்டு பேர் பேசுவதாகக் கேட்க வேண்டும், அவ்வளவே. இரு விசைப்பலகைகளுக்கு எழுதிய வேரியேஷன்களில் இன்னொரு தொல்லை: அங்கே மேலும் கீழுமாகத் தடையின்றி இயங்கிய கைகள், பியானோவின் ஒரே பலகையில் முட்டிக்கொள்கின்றன. எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே, எந்த விரல் எப்போது விலகும் என்பதை அடிக்கு அடி திட்டமிட வேண்டும்.

இந்தக் காரணத்தால் பாக்கைப் பியானோவில் வாசிப்பதே தவறு என்று வாதிடுபவர்கள் உண்டு. 1933-இல் வாண்டா லண்டோவ்ஸ்கா இப்படைப்பை ஹார்ப்சிகார்டில் பதிவுசெய்தபோது, அக்கருவிக்கு மறுவாழ்வே கொடுத்தார். ஆனாலும் கருவிச் சண்டையில் நேரம் போக்குவது எனக்கு வீண் என்றே படுகிறது. அவர் வாசித்த ஹார்ப்சிகார்டும் 20-ஆம் நூற்றாண்டில் செய்த பெரிய கருவிதான், பாக் வீட்டில் இருந்தது அன்று.

ஒரே தாள், ஒரே ஆள், இரண்டு பதிவுகள்

கிளென் கூல்ட் 1932-இல் டொராண்டோவில் பிறந்தார். 1955 ஜனவரியில் நியூயார்க்கில் வாசித்த மறுநாளே கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. அந்த ஜூன் மாதம், 22 வயதில், முன்பு தேவாலயமாக இருந்த நியூயார்க் ஸ்டூடியோ ஒன்றில் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸைப் பதிவுசெய்தார். 1956-இல் வெளிவந்த அந்த இசைத்தட்டு அவரை உலகறியச் செய்தது. 1964-இல் மேடைக் கச்சேரிகளை அடியோடு விட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குள் புகுந்துகொண்டார். 1981-இல் அதே ஸ்டூடியோவில் அதே படைப்பை மறுபடியும் பதிவுசெய்தார். 1982 செப்டம்பரில் அது வெளிவந்தது. அக்டோபர் 4 அன்று, 50 வயது நிரம்பிய சில நாட்களில், கூல்ட் இறந்தார்.

அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவருடைய விசித்திரங்களிலேயே தேங்கிவிடுகிறது. அப்பா செய்துகொடுத்த குட்டையான நாற்காலி, வாசிக்கும்போது வாயால் முனகுவது, கோடையிலும் கையுறையும் மேலங்கியும். இவற்றில் நாற்காலி ஒன்றுதான் நமக்குத் தேவை. தரையிலிருந்து சுமார் 35 சென்டிமீட்டர் உயரமே உள்ள இருக்கையில் அமர்ந்தால் முழங்கை விசைப்பலகைக்குக் கீழே போய்விடும்; தோளின் எடையை விசைமேல் இறக்க முடியாது. விரல் மட்டுமே வேலை செய்யும். உரத்த முழக்கம் கிடைக்காது, ஆனால் ஒவ்வொரு சுரமும் உதிர்ந்த முத்துப்போலத் தனித்து விழும். அவருடைய பாக்கில் நாம் கேட்கும் அந்தப் பிரித்த, உலர்ந்த, தெளிந்த ஒலிக்கும் அந்த நாற்காலிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சுரங்களை நீட்டி ஒன்றோடொன்று கரையவிடும் மிதிகட்டையையும் பாக்கில் அவர் அரிதாகவே பயன்படுத்தினார்.

இனி இரண்டு பதிவுகளையும் அருகருகே வைப்போம். 1955 பதிவு சுமார் 38 நிமிடம், 1981 பதிவு சுமார் 51 நிமிடம். இதைக்கொண்டு "இளமையில் வேகம், முதுமையில் நிதானம்" என்று எழுதித் தீர்த்துவிட்டார்கள். 48 வயதை முதுமை என்பது ஒருபுறமிருக்க, கணக்கும் தவறு. 1955-இல் அவர் திருப்பங்கள் அனைத்தையும் விட்டுவிட்டார். 1981-இல் சில வேரியேஷன்களின் முதல் பாதியைத் திருப்பி வாசித்தார். 13 நிமிட வேறுபாட்டில் ஒரு பங்கு இதனால் வந்தது.

ஏரியாவில் இரண்டு முறையும் திருப்பம் இல்லை, ஆகவே அங்கே ஒப்பீடு நேர்மையானது. 32 அளவுகள், அளவுக்கு மூன்று அடி, மொத்தம் 96 அடிகள். 1955-இல் ஏரியா சுமார் 1 நிமிடம் 53 நொடி. அதாவது அடிக்கு ஏறத்தாழ 1.2 நொடி. 1981-இல் சுமார் 3 நிமிடம் 5 நொடி. அடிக்கு ஏறத்தாழ 2 நொடி. முதலாவது வேகத்தில் மெட்டு நடந்துபோகிறது. அடியில் ச நி த ப இறங்குவது ஒரே வாக்கியமாகக் கேட்கிறது. இரண்டாவது வேகத்தில் ஒவ்வொரு சுரமும் கிட்டத்தட்ட மறைந்த பிறகே அடுத்தது வருகிறது. பியானோவின் ஒலி அடித்த கணத்திலிருந்து தேயத் தொடங்குவது என்பதால், இவ்வளவு மெதுவாக வாசிக்கும்போது மெட்டு அறுந்துபோகாமல் காப்பது கடினம். அணிச்சுரங்களும் அலங்காரமாக இல்லாமல் மெட்டின் பகுதியாகிவிடுகின்றன. தாளில் ஒரு புள்ளியும் மாறவில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. 25-ஆவது வேரியேஷன், சட்ஜத்தை மாற்றாமல் சோகச் சாயலுக்குப் போகும் மூன்று வேரியேஷன்களில் மிக நீண்டது. அதில் 1955 பதிவுதான் 1981-ஐவிடச் சற்று மெதுவானது. தம் இளவயது வாசிப்பு சோகத்தைப் பறைசாற்றிக்கொள்கிறது, துயரைத் தாங்கும் கண்ணியம் அதில் இல்லை என்ற பொருளில் கூல்ட் பின்னாளில் குறைபட்டுக்கொண்டார். உணர்ச்சியைக் கூடுதலாக ஊற்றியதுதான் அவர் கண்ட குறை என்பதைக் கவனியுங்கள்.

1981-இல் அவர் செய்த பெரிய முடிவு வேறொன்று. முதல் பதிவில் 30 வேரியேஷன்களும் தனித்தனித் துண்டுகளாக நிற்கின்றன என்று அவருக்குத் தோன்றியது. அதனால் படைப்பு முழுவதற்கும் ஓர் ஆதாரத் துடிப்பை வைத்துக்கொண்டு, ஒரு வேரியேஷனின் வேகத்துக்கும் அடுத்ததன் வேகத்துக்கும் எளிய விகித உறவு இருக்கும்படி அமைத்தார். தாளம் மாறாமல் கீழ்க்காலத்திலிருந்து மேல்காலத்துக்கோ சதுஸ்ர நடையிலிருந்து திஸ்ர நடைக்கோ போவதைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது உடனே பிடிபடும். இதற்கு அவர் காட்டிய நியாயம் படைப்புக்குள்ளேயே இருக்கிறது: அடியில் ஓடும் சுரங்கள் எல்லாவற்றுக்கும் பொது என்றால், துடிப்பும் பொதுவாக இருக்கலாமே. இதுதான் பொருள்கோள்: எழுதியதிலிருந்து எழுதாததை உய்த்துணர்வது.

ஸ்டூடியோ அவருக்குப் பொருள்கொள்ளும் கருவியாகவும் இருந்தது. பாக்கின் வேறொரு தொகுப்பில் உள்ள ஏ மைனர் ஃபியூகை (ஒரே கருவைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்) பதிவுசெய்தபோது, ஆறாவது முறை வாசித்தது கனமாகவும் எட்டாவது முறை வாசித்தது துள்ளலாகவும் அமைந்தன. எது ஒன்றும் தனியாகத் தாக்குப்பிடிக்காது, ஆனால் வேகம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்று கண்டு, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒன்றையும் நடுவில் மற்றொன்றையும் வெட்டி ஒட்டினார். இதை அவரே எழுதி வெளியிட்டார். ஏமாற்று வேலை என்று பொங்குபவர்கள் இன்றும் உண்டு.

சுருக்கமாக: வேகம், பிரிப்பு, எடை, திருப்பம், துண்டுகளுக்கிடையே உறவு ஆகியவற்றில் மட்டும் முடிவுகளை மாற்றி, ஒரே மனிதர் ஒரே தாளிலிருந்து இரண்டு வேறு இசைகளைக் கேட்கச் செய்தார்.

எதுவும் சரி என்று ஆகிவிடுமா

ஆகாது. ஏழாவது வேரியேஷன் நல்ல எடுத்துக்காட்டு. அச்சுப் பிரதியில் அதற்கு வேகக் குறிப்பு இல்லை. அதன் தாள அமைப்பைப் பார்த்துப் பலர் அதை மெதுவான தாலாட்டுப் போன்ற நடனமாக எடுத்துக்கொண்டார்கள். 1970-களின் நடுவில் பாக்கின் சொந்தப் பிரதி, அவர் கையாலேயே திருத்தங்கள் எழுதியது, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் பகுதியில் கிடைத்தது. அதில் ஏழாவதன் தலையில் ‘ஜிகா வேகத்தில்’ என்று எழுதியிருந்தது. ஜிகா துள்ளலான நடனம். 25-ஆவதன் மேல் ‘அடாஜியோ’, அதாவது மெதுவாக, என்று இருந்தது. அன்றோடு ஏழாவதை மெதுவாக வாசித்தவர்களின் பொருள்கோள் தளர்ந்தது. தவறாகக்கூடியது என்பதே அது வெறும் விருப்பம் அன்று என்பதற்குச் சான்று.

கூல்ட்டே வரம்பு மீறிய இடங்களும் உண்டு. மோசார்ட்டின் ஏ மேஜர் சொனாட்டாவின் முதல் பகுதியில், ஒரு வேரியேஷனுக்கு அடாஜியோ என்று மோசார்ட் தெளிவாக எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வேரியேஷனும் முந்தையதைவிட வேகமாக வேண்டும் என்ற தம் திட்டத்துக்காகக் கூல்ட் அதைப் புறக்கணித்து விரைவாக வாசித்தார். கேட்கச் சுவையானது, சிந்திக்க வைப்பது. ஆனால் அதைப் பொருள்கோள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுவடியில் தெளிவாக இருக்கும் எழுத்தை மாற்றிப் படிப்பது பாடத்தைத் திருத்துவதாகும். ரசிகர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு அவரைத் துதிக்கிறார்கள், எதிர்ப்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு வைகிறார்கள்.

கேட்டுப் பார்க்க

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வதைவிட அரைமணி நேரம் கேட்டுத் தெரிந்துகொள்வது மேல். முதலில் ச நி த ப, க ம ப ச என்பதை மனத்தில் ஏற்றிக்கொண்டு 1955-இன் ஏரியாவைக் கேட்க வேண்டும். உடனே 1981-இன் ஏரியாவை. அடுத்து இரண்டிலும் மூன்றாவது வேரியேஷன்: பின்குரல் எப்போது நுழைகிறது என்பதை மட்டும் தேட வேண்டும், வேறெதையும் கவனிக்க வேண்டாம். பிறகு லண்டோவ்ஸ்காவின் ஹார்ப்சிகார்டில் அதே பகுதிகள்.

கடைசியாக, முடிவில் வரும் ஏரியா. அச்சுப் பிரதியில் பாக் அதன் சுரங்களை மீண்டும் அச்சிடவில்லை; ஏரியாவைத் தலையிலிருந்து வாசித்து முடிக்கவும் என்று ஒரு வரிக் குறிப்போடு நிறுத்திக்கொண்டார். 30 வேரியேஷன்களைக் கடந்து வந்தவர் அதை முதலில் வாசித்தபடியே வாசிப்பதா, வேறு விதமாகவா என்பதற்கு அந்த வரியில் விடை இல்லை. கூல்ட்டின் இரண்டு பதிவுகளிலும் முடிவு ஏரியா முதல் ஏரியாவைவிட நீளமானது. 1981-இல் அரை நிமிடத்துக்கும் மேலாக.